ஆற்றோடு போன துப்பாக்கி

என் அக்கா புருஷன் ஆர்டெல் ஸ்ட்ரூப் என் கவுண்டருக்கு முன்னால் நின்று ஒரே ஒரு முறைதான் உண்மை பேசினான். அதை நான் நம்பவில்லை. நம்பாததில் என் தப்பு ஒன்றுமில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் டார்லா. மாவட்டப் போலீஸ் தலைவரான ஷெரீஃபின் அலுவலகத்து முன் கவுண்டரில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். நாயைத் தொலைத்தவன், பக்கத்து வீட்டுக்காரன் வேலியை நகர்த்திவிட்டான் என்று வருகிறவள், எல்லோரும் என் முகத்தில் விழித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆண்கள் பொய் சொல்லும்போது தொப்பியைச் சரிசெய்வார்கள் என்பது இந்த நாற்காலியில் நான் கற்றுக்கொண்டது. ஆர்டெல் தொப்பியில் கை வைக்காமல் பேசி நான் பார்த்ததில்லை.

அவன் முப்பத்தொரு வருஷம் ஆற்றங்கரைத் தானியக் கிடங்கில் வேலை பார்த்தான். லாரியில் வரும் சோளமும் சோயாவும் குழாய் வழியாகச் சரக்குப் படகில் கொட்டும். குழாயை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவது அவன் வேலை. முதுகு போனதும் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பட்டாளத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. ஆனால் சட்டை, கால்சட்டை, தொப்பி, அவன் வண்டிச் சீட்டின் உறை வரைக்கும் எல்லாம் பட்டாளத்து இலை தழை அச்சு. அந்த வேஷத்தில் தினமும் காலை ஆறு மணிக்கு லாரலீ டைனர் என்ற சாப்பாட்டுக் கடையில் போய் உட்காருவான். அங்கே அவனைப் போலவே வேலையில்லாத ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். ஊரில் அதற்கு ஆறு மணி மேசை என்று பெயர். நாட்டை ஆளத் தெரிந்தவர்கள் எல்லோரும் அந்த மேசையில்தான் இருந்தார்கள். அவர்களை ஓட்டுப் போட்டு அனுப்பத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

என் அக்கா லவோன் நோயில் கிடந்த பதினோரு மாதத்தில் அவன் ஒரு முட்டை வேகவைத்ததில்லை. ஆனால் ஒரு நாளும் அவள் பக்கத்தை விட்டு நகரவும் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அக்கா கனவில் வந்து சண்டை போடுவாள்.

அவனிடம் அந்தத் துப்பாக்கி வந்த கதை அசிங்கமானது. எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் ஒருத்தன் புகுந்து பிள்ளைகளைச் சுட்டான். அடுத்த நாளே, இனி இந்த மாதிரித் துப்பாக்கியைத் தடை செய்துவிடுவார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அந்தப் பிள்ளைகளைப் புதைத்து முடிக்கும் முன்பே ஆர்டெல் கடை வாசலில் வரிசையில் நின்று, பட்டாளத்துக்காரன் தூக்குகிற அதே வடிவத்தில் ஒரு ரைஃபிளை வாங்கி வந்தான். வாங்கியவன் அதைக்கொண்டு செய்த ஒரே வீரச்செயல், என் அக்காவின் பழைய வாஷிங் மெஷினைக் கொல்லைப்புறத்தில் நிறுத்தி வைத்துச் சுட்டதுதான். மூன்று குண்டு. பிறகு தோள் வலிக்கிறது என்று உள்ளே போய் ஐஸ் வைத்துக்கொண்டான்.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் எங்கள் மாநிலத்தில் சட்டம் வந்தது. அந்த வகைத் துப்பாக்கியை இனி விற்கக்கூடாது, வாங்கக்கூடாது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் வைத்துக்கொள்ளலாம். டிசம்பர் முடிவதற்குள் ஒரு படிவத்தில் வரிசை எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். யாரும் யார் வீட்டுக் கதவையும் உடைக்கப் போவதில்லை. எங்கள் ஷெரீஃப் வேறு, தேர்தலில் ஜெயித்துப் பதவிக்கு வருகிற ஆள், ஓட்டு போய்விடுமோ என்ற பயத்தில், "நான் எவன் வீட்டுக்குள்ளயும் போய்த் தேட மாட்டேன்" என்று பத்திரிகையைக் கூப்பிட்டே சொல்லிவிட்டார்.

ஆறு மணி மேசை கொதித்தது. நான் காபி வாங்கப் போன ஒரு காலையில் ஆர்டெல் மேசையைத் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டிருந்தான்.

"என் பேரு எந்த லிஸ்ட்லயும் வராது. இன்னைக்கு லிஸ்ட் எடுப்பான், நாளைக்கு வீட்டுக்கு வருவான். சரித்திரத்தப் படிங்கப்பா!"

"நீ எப்ப ஆர்டெல் சரித்திரம் படிச்ச?" என்று கேட்டேன்.

"வந்துட்டா பாரு அரசாங்கம்," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். "மச்சினி, உங்க ஷெரீஃபே செய்ய மாட்டேங்கிற வேலைய நீ ஏன் இழுத்துப் போட்டுக்கற?"

"உன் பர்ஸுல மாநிலம் குடுத்த துப்பாக்கி அட்டை இருக்கு. உன் மூஞ்சி போட்டோவோட. நீ கடையில வாங்கினப்பவே நம்பர எழுதிக்கிட்டாங்க. மான் வேட்டை லைசென்ஸ், மீன்பிடி லைசென்ஸ், பெட்ரோல் பங்க்ல ஓசி காபி குடிக்கிற அட்டை, எல்லாத்துலயும் உன் பேருதான். இன்னும் எந்த லிஸ்ட்லருந்து நீ ஒளிஞ்சிக்கற?"

அவன் தொப்பியைச் சரிசெய்தான். "அது வேற, இது வேற," என்றான். எப்படி வேறு என்று அவனும் சொல்லவில்லை, மேசையும் கேட்கவில்லை.

இங்கே அந்த ஜோக்கைச் சொல்ல வேண்டும். துப்பாக்கிக்காரர்கள் நடுவில் ரொம்பக் காலமாகப் புழங்குவது. அரசாங்கம் வந்து உன் துப்பாக்கி எங்கே என்று கேட்டால் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, "படகு கவுந்துருச்சு சார், எல்லாம் ஆத்தோட போச்சு," என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஜோக். இதற்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். டீ-ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொள்வார்கள். ஆர்டெலிடம் அதே வாசகம் போட்ட காபிக் கோப்பை இருந்தது. படகு மட்டும் இருந்ததில்லை.

மாநிலம் அனுப்பிய படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு. துப்பாக்கி இப்போது உங்களிடம் இல்லையென்றால் என்ன ஆயிற்று என்று எழுத வேண்டும். எங்கள் ஊர் வீரர்கள் அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் குதித்தார்கள். பதிவு செய்யத்தான் கை வராது, கேலி எழுத ஓடி வரும். படகு கவிழ்ந்தது, ஆற்றோடு போயிற்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு என் கவுண்டரில் கொண்டுவந்து நீட்டுவார்கள். நான் படிக்கும்வரை நின்று என் முகத்தைப் பார்ப்பார்கள். ஷெரீஃபிடம் என்ன செய்ய என்று கேட்டேன். "எங்கயாவது போட்டு வை," என்றார். ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு, மேலே "படகு" என்று எழுதி மேசைக்கு அடியில் தள்ளினேன். நவம்பருக்குள் அறுபதைத் தாண்டிவிட்டது. எங்கள் மாவட்டத்தில் அத்தனை படகு கிடையாது.

இதெல்லாம் வெறும் கோமாளித்தனமாகவே முடிந்திருக்கலாம். ஜானெல் இல்லையென்றால்.

ஜானெல் ஆர்டெலின் ஒரே மகள். விவாகரத்துக்குப் பிறகு அப்பா வீட்டிலேயே இருந்தாள். பல் மருத்துவரிடம் உதவியாளர் வேலை. ஒரு நாள் அந்த மருத்துவமனைக்கு அரசாங்கப் பராமரிப்பில் இருக்கும் நாலு வயதுப் பெண்ணைக் கூட்டி வந்தார்கள். பெயர் பிரெய்லி. நாலு பல் சொத்தை. டாக்டர், நர்ஸ், கூட வந்தவர், யாருக்கும் வாயைத் திறக்கவில்லை. ஜானெல் தரையில் உட்கார்ந்து தன் வாயைத் திறந்து காட்டி, "என் பல்லை நீ எண்ணு பாப்பம்," என்றாள். எண்ணி முடித்த பிறகு அந்தப் பிள்ளை தன் வாயைத் திறந்தது. அன்றைக்கு சாயங்காலமே ஜானெல் என்னைக் கூப்பிட்டு, அந்தப் பிள்ளையை வளர்க்க என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்டாள்.

ஏகப்பட்ட தாள் வேண்டியிருந்தது. கைரேகை, சம்பளச் சீட்டு, கிணற்றுத் தண்ணீர்ச் சோதனை, மாடிப்படிக்குக் கைப்பிடி. எட்டு மாதம் அவள் ஒவ்வொன்றாக முடித்தாள். மேல் மாடி அறைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தாள். டிசம்பர் இரண்டாவது வாரம் வீட்டைப் பார்க்க வந்த குழந்தைகள் நல அலுவலர் திருமதி பிரிட்செட் கடைசியாக ஒன்று கேட்டார். நான் அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு கேசரோல் செய்து எடுத்துப் போயிருந்தேன், அதனால் கூடவே இருந்தேன்.

"மிஸ்டர் ஸ்ட்ரூப், உங்க பேர்ல ஒரு ரைஃபிள் வாங்கினதா எங்க கிட்ட இருக்கு. அதோட பதிவுத் தாளும், பூட்டி வைக்கிற பெட்டியும் காட்டிட்டீங்கன்னா முடிஞ்சுது. ஜனவரி ஆறாம் தேதி கையெழுத்து. பத்தாம் தேதி பிள்ளைய அழைச்சிட்டு வந்துருவோம்."

ஆர்டெல் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டான்.

"அது ஒரு சோகக் கதைங்க," என்றான். "படகு கவுந்துருச்சு. ஆத்தோட போச்சு."

திருமதி பிரிட்செட் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

"எந்த தேதியில?" என்று கேட்டார்.

"அப்பா!" என்றாள் ஜானெல். "மேடம், அவரு விளையாடறாரு. துப்பாக்கி அலமாரியிலதான் இருக்கு. பதிவு பண்ணிருவாரு."

அவர் காரில் ஏறிப் போனதும் ஜானெல் அப்பாவின் முன்னால் படிவத்தை வைத்தாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்கு வசதியாக இருந்திருக்கும்.

"இருபது நிமிஷம்பா. நம்பரப் பாத்து எழுதி, கையெழுத்துப் போடணும். எனக்காக வேண்டாம். அவளுக்காக."

"அது கொள்கைம்மா."

"அப்ப அத வீட்ட விட்டு அனுப்பிரு. கடைக்காரன் கிட்டயே திருப்பிக் குடுத்துரு."

"அதுவும் அவனுங்களுக்குப் பணிஞ்சு போற மாதிரிதான்."

"பணிஞ்சு போனா என்னப்பா ஆகும்?"

அவன் தொப்பியைச் சரிசெய்தான்.

நான் வெளியே வந்து வாசலில் வைத்து அவனைப் பிடித்தேன். "லவோன் இருந்தா உன்ன அந்த அலமாரிக்குள்ள வெச்சுப் பூட்டியிருப்பா," என்றேன்.

"நான் பாத்துக்கறேன் மச்சினி. என் கிட்ட ஒரு திட்டம் இருக்கு. தாளும் எழுத மாட்டேன், பிள்ளையும் வரும். ரெண்டு பேருமே ஜெயிப்போம்."

திட்டம் இதுதான். மிசிசிப்பி ஆற்றின் இந்தக் கரை எங்கள் மாநிலம், அந்தக் கரை வேறு மாநிலம். அங்கே இந்தச் சட்டம் கிடையாது. அங்கே அவன் தம்பி டுவேன் இருக்கிறான். துப்பாக்கியைத் தம்பி வீட்டில் வைத்துவிட்டால் இங்கே பதிவு செய்ய ஒன்றுமில்லை. கேட்கச் சரியாகத்தான் இருந்தது. ஒரு தாளும் இல்லாமல் காரில் வைத்துப் பாலத்தைக் கடந்து போய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். ஒன்பது நிமிஷம். சட்டமும் அதைத் தடுக்கவில்லை.

ஆனால் ஆறு மணி மேசையில் எவனோ, பாலத்தின் மேல் மாநிலப் போலீஸ் நின்று ஒவ்வொரு காரையும் சோதனை போடுகிறது என்று சொல்லியிருக்கிறான். பக்கத்தில் இருந்தவன் அதைத் தன் மைத்துனனே பார்த்தான் என்றான். மூன்றாவது காபிக்குள் அந்தக் கதையில் போலீஸ் மோப்ப நாய்கூட வந்துவிட்டது. அந்த மேசைக்காரர்கள் தினமும் அந்தப் பாலத்தைப் பார்த்தபடிதான் காபி குடிக்கிறார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

ஆகவே டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி விடிகாலை, டுவேன் தன் வாத்து வேட்டைப் படகை அக்கரையிலிருந்து ஓட்டி வந்தான். தட்டையான அடி, தாழ்வான பக்கச் சுவர், இலை தழை அச்சு. ஆர்டெல் ரைஃபிளை உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு ஏறினான். ஆற்றில் பனிக்கட்டிகள் மிதந்து வருகிற சமயம். நடு ஆற்றில் மேசை அளவுக் கட்டி ஒன்று வந்து இடித்தது. ஆர்டெல் எழுந்து நின்றான். தட்டைப் படகில் எழுந்து நிற்கக் கூடாது என்று ஆற்றங்கரைப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போதே சொல்லித் தருவோம். படகு கவிழ்ந்தது. சரக்குப் படகுக்காரர்கள் பார்த்துக் கொக்கி போட்டு இரண்டு பேரையும் இழுத்தார்கள். உயிர் பிழைத்தது. துப்பாக்கி ஆற்றோடு போயிற்று.

மறுநாள் காலை அவன் என் கவுண்டருக்கு வந்தான். குளிரில் கன்னம் வெடித்திருந்தது. தொப்பி இல்லை. அதுவும் ஆற்றோடு போயிருந்தது.

"டார்லா, தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுக்கணும். துப்பாக்கி. படகு... படகு கவுந்துருச்சு."

நான் அவனைப் பார்த்தேன். அந்தப் பாவ முகம். எட்டு மாதம் ஜானெல் ஓடிய ஓட்டம், மஞ்சள் அறை, அந்தப் பிள்ளையின் நாலு சொத்தைப் பல், எல்லாம் தலைக்கு ஏறியது.

"இன்னுமா ஆர்டெல்? இன்னுமா உனக்கு விளையாட்டு?"

"சத்தியமா. லவோன் மேல சத்தியமா ஆத்தோட போச்சு."

"என் அக்கா பேர இழுக்காத," என்றேன். தாளை வாங்கி, சீல் குத்தி, அவன் கண் முன்னாலேயே மேசைக்கு அடியிலிருந்து அந்தப் பெட்டியை இழுத்து அதில் போட்டேன். பெட்டி மேல் என்ன எழுதியிருக்கிறது என்று அவன் படித்தான். திரும்பிப் போய்விட்டான்.

ஜனவரி மூன்றாம் தேதி திருமதி பிரிட்செட் போன் செய்தார். "துப்பாக்கி ஆத்துல விழுந்துருச்சுன்னு மிஸ்டர் ஸ்ட்ரூப் சொல்றாரு. புகார் குடுத்திருக்காராமே. அது உண்மையான புகாரா?"

"மேடம், அந்த மாதிரித் தாள் என் கிட்ட ஒரு பெட்டி நிறைய இருக்கு," என்றேன். "எண்ணிச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்," என்றார். "கணக்கு காட்ட முடியாத துப்பாக்கி வீட்டுலதான் இருக்குன்னு நாங்க எடுத்துக்கணும். விதி அப்படி. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

ஆர்டெல் அந்தச் சரக்குப் படகுக்காரர்களைத் தேடிப் போனால், அவர்கள் அன்றைக்கே தெற்கே போய்விட்டார்கள். பெயர்கூட யாரும் கேட்டு வைக்கவில்லை. டுவேன் சாட்சி சொல்ல வந்தான். அந்த ஜோக் போட்ட டீ-ஷர்ட்டோடு வந்தான். ஸ்ட்ரூப் வம்சத்தின் மூளைக்கு வேறு அத்தாட்சி தேவையில்லை.

பிரெய்லியை வடக்கே வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ஜானெல் அப்பாவை விட்டு வேறு வீடு மாறிக் கேட்கலாம் என்றால் எட்டு மாதத் தாளையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஜானெல் அதை ஆரம்பிக்கவில்லை. பிப்ரவரியில் அக்கரையில் ஒரு சின்ன அபார்ட்மெண்ட் எடுத்துப் போனாள். போகும்போது மஞ்சள் அறையின் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

செப்டம்பரில் மழையில்லாமல் ஆறு இறங்கியது. நாற்பது வருஷமாகத் தெரியாத மணல் திட்டெல்லாம் வெளியே வந்தது. கெளுத்தி பிடிக்கப் போன ஒருத்தர் சேறு அப்பிய உறை ஒன்றைக் கொண்டுவந்து என் கவுண்டரில் வைத்தார். உள்ளே ரைஃபிள், துருப்பிடித்து. எண்ணைத் துடைத்துப் பார்த்தேன். பெட்டியை இழுத்து, தாள்களைக் கிளறி, ஆர்டெலின் தாளைத் தேடி எடுத்தேன். அதே எண்.

ஆர்டெலைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தான். தொடவில்லை.

"இத ஒரு தாள்ல எழுதிக் குடு டார்லா. நான் சொன்னது நிஜம்னு. சீல் வெச்சுக் குடு."

கொடுத்தேன். எட்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். ஜானெல் வீட்டுக்குத் தனியாகப் போகத் தைரியமில்லாமல் என்னையே கூட்டிப் போகச் சொன்னான். போனோம். அவள் கதவைத் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. நின்றபடியே தாளைப் படித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"நீ பொய் சொன்னேன்னு நான் எப்பவாவது சொன்னேனாப்பா? அன்னைக்கு நனைஞ்சு வந்து நின்னியே, அப்பவே தெரியும் நிஜம்னு. உன் ஈரச் சட்டைய நான்தானே காயப்போட்டேன். மக சொல்லு சாட்சியாகாதுன்னு அந்த மேடம்தான் எடுத்துக்கல." கதவுப் பிடியில் கை வைத்தாள். "நான் கேட்டது இருபது நிமிஷம்."

பிறகு என்னைப் பார்த்தாள். "சித்தி, நீயும் ஒரு வார்த்தை விசாரிக்காம அந்தத் தாளப் பெட்டியில போட்டுட்டேல்ல," என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

திரும்பும் வழியில் ஆர்டெல் தாளைக் கையில் வைத்திருந்தான். பாலத்தில் ஏறினோம். எப்போதும் போல வெறிச்சோடிக் கிடந்தது. கீழே மணல் திட்டுகள். நடுப்பாலம் வந்ததும் அவன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான்.

"டார்லா," என்றான். "அன்னைக்கு இங்க போலீஸ் நின்னுச்சுல்ல?"

தொப்பி இல்லாத தலையைத் தடவிக்கொண்டே கேட்டான். ஆமாம் என்று நான் சொல்ல வேண்டுமென்று அவன் எதிர்பார்த்தான். அக்காவுக்காகவாவது சொல்லியிருக்கலாம்.

"ஒருத்தரும் நிக்கல ஆர்டெல்," என்றேன்.